பிஏஎஃப் கோப்பு ஃப்ளாப்பியில் ஏற மாட்டேன் என்கிறது – ஆலயத்துக்குக் கொடுக்க வேண்டிய வம்சாவளி, உதவி தேவை

லீஹைவாசி:
வணக்கம். நான் இருப்பது யூட்டாவில், லீஹை என்கிற ஊரில். பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார், எல்டிஎஸ் சபைக்காரர், நம் ஊரில் மோர்மன் என்றால்தான் தெரியும். அவருடைய கணவர் உயிரோடு இருந்தவரை முன்னோர் பெயர்களைத் தேடித் தேடி ஒரு விண்டோஸ் 98 கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார். மென்பொருள் பெயர் பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல், சுருக்கமாக பிஏஎஃப், பதிப்பு 5. அதிலிருந்து ஜெட்காம் கோப்பு (வம்சாவளி விவரங்களை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கிற எழுத்துக் கோப்பு) எடுத்து ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தால் ஆலயத்தில் இறந்துபோன அந்த முன்னோர் பெயரில் ஞானஸ்நானம் போன்ற சடங்கு செய்வார்களாம், கணவர் அப்படித்தான் செய்வாராம். எக்ஸ்போர்ட் கொடுத்து ஏ டிரைவைத் தேர்ந்தெடுத்தால் கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம் வந்து எழுத முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. வேறு ஃப்ளாப்பி போட்டால் டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது, ஆனால் அது காலியான ஃப்ளாப்பி. நான் ஜாவா எழுதிப் பிழைக்கிறவன், ஃப்ளாப்பியைக் கடைசியாகத் தொட்டது கல்லூரியில். யாராவது சொல்லுங்கள்.

டாஸ்காலம்:
ஆகா, ஃப்ளாப்பி கேள்வி வந்து எவ்வளவு நாளாயிற்று! சரி, முதலில் ஃப்ளாப்பியைக் கையில் எடுத்து மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலையில் நகர்த்துகிற சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ஓட்டை திறந்திருந்தால் எழுத விடாது, மூடியிருந்தால் விடும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வார்கள், காரணம் அதற்கு முந்தைய ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியில் வெட்டை ஒட்டி மூடினால்தான் பூட்டு. எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை இருக்கிறதா? இருந்தால் 1.44 எம்பி வகை, இல்லாவிட்டால் 720 கேபி வகை. நீங்கள் சொல்கிற "காலியான ஃப்ளாப்பி நிரம்பிவிட்டது" என்பது 720 கேபி மாதிரிதான் தெரிகிறது.

அப்புறம், எந்த நிரலையும் நேராக ஏ டிரைவுக்கு எழுத விடாதீர்கள். சி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு முதலில் அங்கே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது முடிந்ததும் கோப்பு எத்தனை கேபி என்று பார்த்துவிட்டு, பிறகு ஃப்ளாப்பிக்கு நகலெடுங்கள். பழுது நிரலிலா ஃப்ளாப்பியிலா என்பது அந்த ஒரு காரியத்திலேயே தெரிந்துவிடும். சி டிரைவில் நன்றாக எழுதினால் பிஏஎஃப் மேல் குற்றமே இல்லை.

நெல்லைக்காரன்:
டிரைவ் ஹெட்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்க அண்ணே. இருபது வருஷத் தூசி இருக்கும் உள்ளே.

டாஸ்காலம்:
நியாயம்தான். ஹெட் அழுக்கோடு புது ஃப்ளாப்பியைப் போட்டால் அதையும் கீறிவிடும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல். கடைசி வேலையாக அதைச் செய்யலாம், முதலில் சி டிரைவ் சோதனை.

லீஹைவாசி:
பார்த்துவிட்டேன். முதல் ஃப்ளாப்பியில் பூட்டு ஓட்டை திறந்திருந்தது. இரண்டாவது ஃப்ளாப்பியில் ஒரே ஓட்டைதான், ஆக நீங்கள் சொன்ன 720 வகை. சி டிரைவில் எக்ஸ்போர்ட் அலட்டிக்கொள்ளாமல் முடிந்தது, கோப்பு 1900 கேபி சொச்சம். ஆக 1.44 ஃப்ளாப்பியிலும் ஏறாது போல. ஜிப் செய்யட்டுமா?

டாஸ்காலம்:
ஜிப் செய்தால் சுலபமாக ஏறும், வெறும் எழுத்துக் கோப்புதானே, நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கினாலும் ஆச்சரியமில்லை. ஆனால் வாங்குகிற இடத்தில் அதை விரிக்க வேண்டும். ஜெட்காம் விதியிலேயே பெரிய கோப்பைப் பல ஃப்ளாப்பிகளில் பிரித்துப் போட வழி உண்டு. முதல் துண்டுக்கு ஜிஇடி என்ற பின்னொட்டு, அடுத்ததற்கு ஜி00, அதற்கடுத்து ஜி01 என்று போகும். பழைய டாஸ் பதிப்புகள் நடுவிலே நிறுத்தி "அடுத்த ஃப்ளாப்பியைப் போடு" என்று கேட்பது இதற்குத்தான். அந்தத் துண்டுகளில் ஒன்று தொலைந்தால் மற்றவையும் வீண்.

இன்னொன்று, சடங்குக்குப் பெயர் கொடுக்கக் குறிப்புகளும் ஆதாரங்களும் தேவைப்படாது. எக்ஸ்போர்ட் பெட்டியில் அந்த டிக்குகளை எடுத்துவிட்டால் கோப்பு பாதியாகக்கூடக் குறையலாம். தாத்தா ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியிருப்பார், எடையெல்லாம் அதில்தான் இருக்கும்.

பெயரும் முக்கியம். எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து, அவ்வளவுதான். இடைவெளியும் மேற்கோள்குறியும் வைத்து நீளமாகப் பெயர் கொடுத்தால் விண்டோஸ் 98 ஏற்றுக்கொள்ளும், அந்தப் பக்கம் டாஸில் பார்க்கிறவனுக்கு முதல் ஆறு எழுத்தும் ஒரு வளைகோடும் 1-ம்தான் தெரியும்.

மரக்கிளை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் கோவையில் எல்டிஎஸ் சபையைச் சேர்ந்தவள், வம்சாவளி வேலையும் பார்க்கிறவள். நீங்கள் ஃப்ளாப்பியைச் சரி செய்கிறீர்கள், நல்லது, ஆனால் அந்த ஃப்ளாப்பியை வாங்கிக்கொள்ள இன்று ஆளே இல்லை என்பதை யாரும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லையா?

அவருடைய கணவர் செய்தது இப்படி. வீட்டில் பிஏஎஃப், அதில் டெம்பிள்ரெடி என்கிற வகையைத் தேர்ந்து எக்ஸ்போர்ட், ஃப்ளாப்பியோடு குடும்ப வரலாற்று மையத்துக்குப் பயணம். மையத்துக் கணினியில் டெம்பிள்ரெடி என்ற நிரல் அந்தப் பெயர்களை ஐஜிஐ என்கிற மாபெரும் பட்டியலோடு, அதுவும் சிடிகளில் இருந்ததோடு, ஒப்பிட்டுப் பார்க்கும். ஏற்கனவே சடங்கு நடந்தவர்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒரு ஃப்ளாப்பியில் எழுதித் தரும். அதை ஆலயத்துக்குக் கொண்டு போனால் ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்று பெயர் அட்டை அச்சடித்துக் கொடுப்பார்கள். 2007-லிருந்து சபையின் புதிய இணையவழி வம்சாவளித் தளமான ஃபேமிலிசர்ச் ஒவ்வொரு ஆலயப் பகுதியாக வந்து டெம்பிள்ரெடியை ஓரம் கட்டியது. பிஏஎஃப்பையும் 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பெயர்கள் எல்லோருக்கும் பொதுவான ஃபேமிலிசர்ச் வம்ச மரத்தில் ஏறி அங்கிருந்துதான் சடங்குக்கு ஒதுக்கப்படுகின்றன. ஆலய வாசலில் ஃப்ளாப்பியை நீட்டினால் பாவம், சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவார்கள்.

லீஹைவாசி:
அடடா. இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? "அவர் விட்டுப்போன வேலையை நான் முடிக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மரக்கிளை:
வேலை அப்படியேதான் இருக்கிறது, வழிதான் மாறிவிட்டது. முதலில் அந்தக் கணினியிலிருந்து கோப்பைப் பத்திரமாக வெளியே எடுங்கள். ஜெட்காமை நம்பி உட்காராமல் மூலக் கோப்பையே எடுங்கள், பிஏஎஃப் என்ற பின்னொட்டோடு இருக்கும். ஜெட்காம் என்பது வெளியே அனுப்புகிற நகல்தான், அதில் டிக் எடுத்துவிட்ட குறிப்பு திரும்ப வராது.

சும்மாவாசிக்கிறேன்:
ஒரு சந்தேகம். செத்துப் போனவர்களுக்கு ஞானஸ்நானமா? அவர்கள் சம்மதம் யார் கேட்டது?

மரக்கிளை:
எல்லோரும் கேட்கிற கேள்விதான். 1 கொரிந்தியர் 15:29-ல் மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவதைப் பவுல் குறிப்பிடுகிறார், மற்ற சபைகள் அதை வேறு விதமாக வாசிக்கின்றன, எங்கள் சபையில் 1840-ல் இல்லினாய் மாநிலத்து நாவூவில் ஜோசஃப் ஸ்மித் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். உயிரோடு இருப்பவர் ஒருவர் இறந்தவர் பெயரில் முழுக்குப் பெறுவார். ஏற்பதும் மறுப்பதும் மறுமையில் இறந்தவர் விருப்பம் என்பது நம்பிக்கை, ஆகவே இதனால் யாரும் மோர்மன் ஆகிவிடுவதில்லை. ஆனால் பிறர் முன்னோர் பெயரை இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுத்ததால் புண்பட்டவர்கள் உண்டு. ஹோலோகாஸ்டில் கொல்லப்பட்ட யூதர்கள் பெயர்கள் பட்டியலில் இருந்தது தெரிந்து பெரிய கொந்தளிப்பு ஆயிற்று, 1995-ல் யூத அமைப்புகளோடு உடன்பாடு செய்து அந்தப் பெயர்களை நீக்கினார்கள், அதற்குப் பிறகும் சில பெயர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அதனால் இப்போது கண்டிப்பு: உன் சொந்த முன்னோரை மட்டும் கொடு. கடந்த 110 ஆண்டுக்குள் பிறந்தவராக இருந்தால் நெருங்கிய உறவினர் அனுமதி வேண்டும். டெம்பிள்ரெடி காலத்தில் இதே விதி 95 ஆண்டாக இருந்தது, ஆகவே பழைய கோப்பில் அப்போது சரியாக இருந்த பெயருக்கு இப்போது அனுமதி கேட்க வேண்டி வரலாம்.

சும்மாவாசிக்கிறேன்:
சரி, புரிந்தது. உடன்பாடு இல்லை, ஆனாலும் புரிந்தது.

டாஸ்காலம்:
மதம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் வட்டைப் பார்க்கிறேன். லீஹைவாசி, அந்த விண்டோஸ் 98-ல் பென் டிரைவ் செருகினால் பெரும்பாலும் டிரைவர் கேட்கும், அதைத் தேடிப் போட்டுத் தலைவலிப்படாதீர்கள். கணினியை அணைத்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றுங்கள். அகலமான பட்டை கேபிளில் தொங்கும் ஐடிஇ டிஸ்க், அதற்கு யுஎஸ்பி மாற்றி கடைகளில் கிடைக்கும். டிஸ்க் பின்னால் சின்ன ஜம்பர் உண்டு, அது மாஸ்டரில் இருக்கட்டும். உங்கள் லேப்டாப்பில் செருகி முழு டிஸ்கையும் ஒரு இமேஜ் கோப்பாக எடுத்துவிட்டு, பிறகு அந்த இமேஜில் தேடுங்கள். அசலில் எதையும் எழுதாதீர்கள். எத்தனையோ வருடம் கழித்துச் சுழல்கிற டிஸ்க், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. பதிப்பு 4-க்கு முன்னால் இருந்தவை டாஸ் பதிப்புகள். 2 வரை தரவு ஒரே கோப்பில் இருக்காது, இண்டிவ்2.டாட் (INDIV2.DAT) என்று தொடங்கி சில டாட் கோப்புகள் சேர்ந்துதான் ஒரு குடும்பம், ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை. தாத்தா 1980-களிலேயே தொடங்கியிருந்தால் அப்படி ஃபோல்டர்கள் இருக்கும், ஃபோல்டரையே முழுதாக எடுங்கள்.

பழைய ஃப்ளாப்பிப் பெட்டியும் இருக்குமே? அதில் எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். 720 வகையைப் படிக்க இப்போது விற்கிற யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ்கள் சில மறுக்கும், விண்டோஸ் 98 கணினியின் உள் டிரைவே அதற்கு உத்தமம். ஒரு டிரைவில் எழுதியது இன்னொன்றில் படிக்காமல் போனால் ஹெட் சற்றே விலகியிருக்கும், எழுதிய டிரைவிலேயே படித்துப் பாருங்கள்.

லீஹைவாசி:
பெட்டி நிறைய ஃப்ளாப்பிகள். லேபிளில் வருடமும் கோயில் பெயரும் எழுதியிருக்கிறார். ஒன்றில் "லோகன், அனுப்பியாயிற்று" என்று பென்சிலில்.

வந்த ஜெட்காமை எப்படிச் சரிபார்ப்பது? நோட்பேடில் திறந்தால் கோப்பு பெரிது, வேர்ட்பேடில் திறக்கட்டுமா என்கிறது.

டாஸ்காலம்:
அங்கேதான் ஒரு குழி. விண்டோஸ் 98 நோட்பேட் 64 கேபிக்கு மேல் தாங்காது, அதனால் வேர்ட்பேடுக்குத் தள்ளும். வேர்ட்பேடில் பார்ப்பது தப்பில்லை, சேமித்துவிட்டால்தான் தப்பு. வேறு வடிவத்தில் எழுதிவிட்டால் எந்த வம்சாவளி நிரலும் அதைத் தொடாது. உங்கள் லேப்டாப்பில் நல்ல எடிட்டரில் திறந்து மேலும் கீழும் பாருங்கள். முதல் வரி 0 ஹெட். கடைசி வரி 0 டிஆர்எல்ஆர். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் எழுதும்போதே இடம் தீர்ந்து பாதியில் அறுந்த கோப்பு, உங்கள் 720 ஃப்ளாப்பியில் கிடப்பது அதுவாகத்தான் இருக்கும்.

தலைப்பகுதியில் டெஸ்ட் (DEST) என்ற வரியைப் பாருங்கள், அங்கே டெம்பிள்ரெடி என்று இருந்தால் அந்த வகையில் எடுத்த கோப்பு, அதில் சப்மிஷன் பதிவு ஒன்றும் கூடவே இருக்கும், எந்த ஆலயம், சடங்கு செய்ய வேண்டுமா என்கிற விவரத்தோடு. எஸ்யுபிஎம் என்று அனுப்புகிறவர் பெயர், முகவரிப் பதிவு எந்த வகையிலும் கட்டாயம். தாத்தாவின் பெயரே அதில் இருக்கும்.

லீஹைவாசி:
டிஆர்எல்ஆர் இருக்கிறது! ஆனால் பெயர்கள் சிதைந்திருக்கின்றன. இவர்கள் முன்னோர் டென்மார்க்கிலிருந்து யூட்டாவின் சான்பீட் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள். சோரன்சன் என்ற பெயரில் முதல் எழுத்துக்குப் பிறகு ஓ-வுக்குப் பதில் கணக்கில் வர்க்கம் போடுகிற குட்டி 2 நிற்கிறது. வேறு இடத்தில் மைக்ரோ குறி.

டாஸ்காலம்:
கோப்பு கெடவில்லை, பயப்பட வேண்டாம். அது ஆன்செல் எழுத்துக்குறி. நூலகங்களுக்காக உருவான பழைய குறிமுறை, ஜெட்காம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. கோடு போட்ட டேனிஷ் ஓ ஆன்செல்லில் பதினாறடிமான எண்ணில் பி2, அதே எண் விண்டோஸ் குறிமுறையில் குட்டி 2. ஏ-யும் ஈ-யும் ஒட்டிய எழுத்து பி5, அது விண்டோஸில் மைக்ரோ. தலைப்பகுதியில் சார் (CHAR) என்ற வரி ஆன்செல் என்று சொல்லும், அதை மதித்துப் படிக்கிற நிரலில் திறந்தால் எல்லாம் தானாகச் சரியாகும். எடிட்டரில் தேடி மாற்றி வைக்காதீர்கள், மேலே வட்டம் போட்ட ஏ போன்றவற்றில் ஆன்செல் வட்டத்தை முன்னால் தனி பைட்டாக எழுதும், கையால் மாற்றினால் குழப்பம்தான். மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுப்பதானால் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள், பதிப்பு 5 அதைக் கொடுக்கும்.

நெல்லைக்காரன்:
நம்ம ஊர் பெயர்களை இதில் எப்படி ஏற்றுவது? குடும்பப் பெயரைச் சாய்கோடுகளுக்கு நடுவில் போடச் சொல்கிறது, நமக்கு இனிஷியல்தானே.

மரக்கிளை:
டேனிஷ்காரர்களுக்கும் பழைய காலத்தில் இதே கதைதான். சோரனின் மகன் சோரன்சன், யென்ஸின் மகள் யென்ஸ்தாத்தர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1828-ல் நிலையான குடும்பப் பெயர் வேண்டுமென்று ஆணை வந்தும் கிராமங்களில் வெகுநாள் பழசையே வைத்திருந்தார்கள். நமக்கு நான் சொல்வது: இனிஷியலை விரித்துத் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போடாதீர்கள், நிரல் அப்பனையும் மகனையும் வேறு வேறு குடும்பம் என்று பிரித்து அடுக்கும். சாய்கோடுகளுக்கு நடுவே காலியாக விடுவது செல்லும். தகப்பன் யார் என்பதைக் குடும்ப இணைப்பே சொல்லிவிடும்.

லீஹைவாசி:
ஹார்ட் டிஸ்க் வெளியே வந்து இமேஜும் எடுத்தாயிற்று. மூலக் கோப்பு கிடைத்தது, அதன் பக்கத்திலேயே பழைய டாட் கோப்புகள் ஃபோல்டரும். லேப்டாப்பில் பிஏஎஃப் 5 நிறுவி, புரோகிராம் ஃபைல்ஸுக்குள் கோப்பைப் போட்டு வேலை செய்தால், சேமித்தது காணவில்லை. எக்ஸ்ப்ளோரரில் பழைய தேதியிலேயே இருக்கிறது.

டாஸ்காலம்:
காணாமல் போகவில்லை. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் பழைய நிரல்களைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத விடுவதில்லை, எழுதுவதுபோல் நடித்து உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டாவுக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் ஒளித்து வைக்கும். அங்கே போய் எடுத்து டாக்குமென்ட்ஸில் வைத்துக்கொண்டு அதிலேயே வேலை செய்யுங்கள். இன்னும் எளிது, ஆன்செஸ்ட்ரல் குவெஸ்ட் என்ற நிரலில் நேராகத் திறப்பது, விண்டோஸ் பிஏஎஃப் அதன் அடிப்படையில் உருவானதுதான், அதனால் கோப்பை அது அப்படியே படிக்கும்.

மரக்கிளை:
இனி அந்த அம்மாவின் பகுதி. ஃபேமிலிசர்ச் கணக்கு அவருக்கு இருக்க வேண்டும், சபை உறுப்பினர் எண்ணோடு இணைத்தால்தான் சடங்கு விவரமே தெரியும். உங்கள் கணக்கில் செய்யாதீர்கள், உங்களுக்கு அந்தப் பகுதி திறக்காது. ஜெட்காமை மொத்தமாக மரத்தில் கொட்ட வேண்டாம். ஏற்கனவே அங்கே இருப்பவர்களையே மறுபடி சேர்த்துவிட்டால் ஒன்றுக்கு மூன்று பேராக நின்று, இணைக்க ஆள் தேட வேண்டும். அவரையும் கணவரையும் மரத்தில் கண்டுபிடித்து, அங்கிருந்து மேலே ஒவ்வொரு தலைமுறையாகக் கோப்போடு ஒப்பிட்டு, இல்லாதவரை மட்டும் சேருங்கள்.

பழைய கோப்பில் சடங்குத் தேதி இடத்தில் சப்மிட்டட் என்றும் கிளியர்ட் என்றும் எழுதியிருக்கும். சப்மிட்டட் என்றால் ஃப்ளாப்பி கொடுத்தாயிற்று என்பது மட்டும்தான், சடங்கு நடந்தது என்று பொருளில்லை. கிளியர்ட் என்றால் அனுமதி கிடைத்தது, அதுவும் நடந்ததற்குச் சாட்சி இல்லை. சைல்ட் என்று இருந்தால் எட்டு வயதுக்குள் இறந்த குழந்தை, ஞானஸ்நானமே தேவையில்லை, அதை யாரும் கேட்டு ஒதுக்கிவிடக் கூடாது. பிஐசி என்றால் ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட, அதாவது மறுமைக்கும் சேர்த்து இணைக்கப்பட்ட, பெற்றோருக்குப் பிறந்தவர், பெற்றோரோடு இணைக்கும் சடங்கு அவருக்கு வேண்டாம். தேதியும் ஆலயக் குறியீடும் இருந்தால் நடந்தது என்று எடுத்துக்கொண்டு மரத்தில் சரிபாருங்கள், ஐஜிஐ பதிவுகள் புதிய மரத்தில் ஏற்றப்பட்டவைதான்.

லீஹைவாசி:
அவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன், "அந்த ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு அவரோடு லோகன் வரை வண்டியில் போவதுதான் எனக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். சால்ட் லேக்கில் கோயில் பக்கத்திலேயே இருக்கும் ஃபேமிலிசர்ச் நூலகத்துக்கு அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன், பென் டிரைவோடு.

ஒரு கேள்வி பாக்கி. லேபிளில் "அனுப்பியாயிற்று" என்று எழுதிய ஃப்ளாப்பிகளில் இருக்கிற பெயர்கள் மூலக் கோப்பில் வெறும் சப்மிட்டட் என்று மட்டும் நிற்கின்றன, கிளியர்ட் ஆகவில்லை. அந்த ஃப்ளாப்பிகளைத் திறந்து பார்ப்பதில் பயன் உண்டா?

மரக்கிளை:
கண்டிப்பாக உண்டு. மையத்திலிருந்து திரும்பி வந்த ஃப்ளாப்பிகளும் அதே பெட்டியில் கலந்திருக்கலாம், அதில் எந்தப் பெயர் தேறியது என்ற விவரம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தில் அந்தப் பெயர்களைத் தேடுங்கள். சடங்கு தேதியோடு இருந்தால் விஷயம் முடிந்தது. மரத்தில் ஆள் இருந்தும் சடங்கு காலியாக இருந்தால், ஒதுக்கலாம் என்ற குறி வரும், அப்போது அம்மா பெயரில் ஒதுக்கிக்கொள்ளலாம். வேறொருவர் ஏற்கனவே ஒதுக்கியிருந்தால் பெயரைப் பிடுங்க முடியாது, மரத்திலிருந்தே அவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

டாஸ்காலம்:
ஃப்ளாப்பிகளைப் படிக்கும்போது ஒவ்வொன்றையும் பூட்டு ஓட்டையைத் திறந்து வைத்துச் செருகுங்கள். படிக்க மறுத்தால் அடம்பிடித்து மறுபடி மறுபடி ஓட்டாமல் தனியே எடுத்து வையுங்கள், பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கிற டிடிரெஸ்க்யூ என்ற நிரலை வைத்துப் பார்க்கலாம். ஏதாவது ஃப்ளாப்பியில் பூஞ்சை, வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவுக்குள் விடவே வேண்டாம், அது ஹெட்டில் ஒட்டி அடுத்த ஃப்ளாப்பிக்கும் போகும்.

நெல்லைக்காரன்:
அந்த டிரைவ் வேலை முடிந்ததும் விற்பதானால் சொல்லுங்க, என்னிடமும் 720 பெட்டி ஒன்று இருக்கிறது.